ஜப்பான் காரோடு வரும் றேடியோ செற்: கழற்ற முன் ஒருக்கால் யோசியுங்கள்

அக்குவா, விட்ஸ், அக்ஸியோ என்று ஜப்பானில் இருந்து இறங்கிய எந்தக் காரில் ஏறினாலும் முதல் ஐந்து நிமிடம் ஒரே மாதிரித்தான். திரை முழுக்க ஜப்பான் எழுத்து. வரைபடத்தில் ஊரும் இல்லை, தெருவும் இல்லை. செற்றில் உள்ள மணிக்கூடு மூன்றரை மணித்தியாலம் முந்தி ஓடும். எஃப்எம்மைப் போட்டால் 76இல் தொடங்கி 90இல் முடிந்துவிடும், இடையில் இரைச்சல் மட்டும். காரை எடுத்த கையோடு செற்றைக் கழற்றிவிட்டு கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு அண்ட்ராய்ட் செற் வாங்கிப் பூட்டுகிற வழக்கம் இப்படித்தான் வந்தது.

அவசரப்பட்டுக் கழற்றுவதற்கு அது மோசமான பொருள் அல்ல. ஒலி சுத்தம், புளூரூத் நம்பிக்கையானது, ஸ்ரியறிங் பட்டன்கள் சொன்னபடி கேட்கும். இலங்கைப் பாவனைக்கு அதில் இல்லாதது சரியான அலைவரிசை ஒன்றுதான். அதற்கு மருந்து தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய ஒரு சின்னப் பெட்டி. ஆனால் எந்த நிலையில் செற்றைக் கைவிடத்தான் வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதையும் மறைக்காமல் கீழே சொல்லியிருக்கிறது.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1 முதல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதனால் இப்போது வீதியில் இரண்டு தலைமுறைச் செற்கள் கலந்து ஓடுகின்றன. இங்கே முக்கியமாக எடுத்துக்கொள்வது பழைய தலைமுறையின் நல்ல மாதிரி ஒன்று: ரொயோட்டாவின் 7 அங்குல எஸ்டி நவி (வழிகாட்டும் வரைபடத்தை எஸ்டி கார்ட்டில் வைத்திருக்கும் செற்), என்எஸ்இசட்டி-டபிள்யூ62ஜி. அதன் அண்ணன் தம்பிகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

செற்றின் பெயரைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஜப்பானில் ரொயோட்டா கார்கள் பல செற் இல்லாமலே தொழிற்சாலையை விட்டு வெளியே வரும். விற்பனை நிலையத்தில் வாங்குபவர் தன் காசுக்கு ஏற்றதைப் பூட்டுவார். ஒரே ஆண்டு, ஒரே மாதிரி அக்குவா இரண்டில் இரண்டு வேறு செற் இருப்பது அதனால்தான். முகப்பின் ஓரத்தில், அல்லது திரையைத் திறந்தால் உள்ளே, மாதிரி எண் இருக்கும். டபிள்யூவுக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கத்தில் கடைசி இலக்கம் ஆண்டைச் சொல்லும்: 62 என்றால் 2012, 64 என்றால் 2014, 66 என்றால் 2016, 68 என்றால் 2018. காரின் ஆண்டை விடச் செற்றின் ஆண்டு பல வருடம் பழசாக இருந்தால் யாரோ இடையில் மாற்றிப் பூட்டியிருக்கலாம். விற்பவரிடம் கேட்க அது நல்ல கேள்வி.

எஃப்எம் ஏன் 90இல் நிற்கிறது

ஜப்பானின் எஃப்எம் பட்டை 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரை. 90க்கு மேலே அங்கே ஒரு காலத்தில் தொலைக்காட்சியின் முதல் மூன்று சனல்கள் இருந்தன. 2011இல் அனலொக் தொலைக்காட்சி நிறுத்தப்பட்டதும் அந்த இடம் காலியாகி, 90 முதல் 95 வரை மத்திய அலை (ஏஎம்) நிலையங்களின் எஃப்எம் ஒலிபரப்புக்குக் கொடுக்கப்பட்டது. 2014 டிசம்பரில்தான் அது தொடங்கியது. ஆகவே 2012 செற் 90இல் நிற்கும்; பிந்திய செற்கள் 95 வரையும், சில அதற்கு மேலும் போகும். புத்தகம் தேட வேண்டாம். எஃப்எம்மைப் போட்டு மேல்நோக்கிய அம்புக்குறியைத் தட்டிக்கொண்டே போங்கள். எந்த எண்ணுக்குப் பிறகு 76க்குத் திரும்பி விழுகிறதோ அதுவே உங்கள் செற்றின் எல்லை. அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைக்குப் போகும்போது தேவைப்படும்.

இலங்கையில் எஃப்எம் 88இல் இருந்து 108 வரை பரந்து கிடக்கிறது. சூரியன், சக்தி, வெற்றி, தென்றல் என்று நாம் தேடுகிற நிலையங்களை 90க்குக் கீழே தேடிப் பயனில்லை. இதைத் தீர்ப்பதற்குத்தான் பாண்ட் எக்ஸ்பாண்டர். பெயர் பெரிதாக இருந்தாலும் வேலை கழித்தல் கணக்குத்தான். அன்ரெனாவில் வருகிற அலை எல்லாவற்றையும் ஒரு குறிப்பிட்ட அளவால் கீழே இறக்கிச் செற்றுக்குக் கொடுக்கும். அந்த அளவைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் கிரிஸ்டல். பெட்டியின் மேலே 12, 15, 16, 20 என்று ஏதாவது எழுதியிருக்கும். பலர் விலையைக் கேட்கிறார்கள், எண்ணைக் கேட்பதில்லை. முழு விசயமும் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

90இல் நிற்கும் செற்றுக்கு 12 எடுத்தால் என்ன நடக்கும்? 88 முதல் 102 வரை உள்ளவை 76–90க்குள் வந்து விழும். 103.4இல் உள்ள நிலையம் 91.4க்குப் போக வேண்டும். செற்றில் அந்த எண்ணே இல்லை. "பூட்டியும் சூரியன் வரவில்லை" என்று வருகிற முறைப்பாடுகளில் பெரும்பகுதி இதுதான். அதே செற்றுக்கு 16 எடுத்தால் 92 முதல் 106 வரை கிடைக்கும், 103.4 என்பது 87.4இல் நிற்கும். 20 எடுத்தால் 96க்கு மேலே 108 வரை அத்தனையும் வரும், கீழே உள்ளவை போய்விடும். 14 மெகாஹேர்ட்ஸ் அகலமான சட்டைக்குள் 20 மெகாஹேர்ட்ஸ் அகலமான உடம்பு ஏறாது. எதையாவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். வீட்டில் கேட்கிற நான்கைந்து நிலையங்களின் எண்களை முதலில் எழுதுங்கள். அவற்றில் மிகக் கூடிய எண்ணில் இருந்து கழித்தால் 90க்குள் வரவேண்டும். மிகக் குறைந்த எண்ணில் இருந்து கழித்தால் 76க்குக் கீழே போகக் கூடாது. இந்த இரண்டும் சரி வருகிற எக்ஸ்பாண்டரை எடுங்கள்.

95 வரை போகும் செற் என்றால் கவலையே இல்லை. 12 எடுத்தால் 88 முதல் 107 வரை கிட்டத்தட்ட எல்லாமே வந்துவிடும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. சில நவி செற்கள் எண்ணைப் பார்த்து நிலையத்தின் பெயரைத் தாங்களே போடும். ரோக்கியோ எஃப்எம்மின் எண் 80.0, ஜே-வேவ் 81.3. 16 எக்ஸ்பாண்டரோடு 96.0இல் உள்ள நம்மூர் நிலையத்தைப் பிடித்தால் திரையில் ரோக்கியோ எஃப்எம் என்று ஜப்பானிய மொழியில் வந்து நிற்கக்கூடும். செற் பழுது இல்லை, பழைய ஊர் ஞாபகம்.

பூட்டும்போது

எக்ஸ்பாண்டர் அன்ரெனா வயருக்கும் செற்றுக்கும் நடுவில் போகும். ஒரு பக்கம் அன்ரெனா பிளக்கைச் செருக வேண்டும், மறுபக்க வால் செற்றுக்குள் போகும். ஜப்பான் பிளக் நாம் சாதாரணமாகக் காணும் பிளக்கை விட மெல்லியது. பொருந்தவில்லை என்று வெட்டி முறுக்கி ரேப் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். செய்ய விடாதீர்கள். அடப்டர் கிடைக்கும். வெட்டிச் சுற்றிய இடத்தில் சிக்னல் பாதி கசியும். பிறகு எக்ஸ்பாண்டர் கூடாது என்ற பெயர்தான் மிஞ்சும்.

மின்சாரத்துக்கு இரண்டு வயர். சிவப்பு, சாவி திருப்பினால் மட்டும் 12 வோல்ட் வருகிற வயருக்கு. கறுப்பு, காரின் உலோக உடலுக்கு, அதாவது எர்த். ரொயோட்டாவில் செற்றின் பின்னால் 10 முள் பிளக் ஒன்றும் 6 முள் பிளக் ஒன்றும் இருக்கும். 10 முள் பிளக்கில் சாம்பல் நிற வயர்தான் சாவியோடு வருகிற மின், நீலத்தில் மஞ்சள் கோடு போட்டது எந்நேரமும் மின் இருப்பது, மண்ணிறம் எர்த், பச்சை லைற் போட்டால் மின் வருவது. நிறத்தை நம்பிக் கைவைக்காமல் மீற்றரால் ஒருதரம் பாருங்கள், முன்னைய சொந்தக்காரர் வயர் மாற்றியிருக்கலாம். சிவப்பை எந்நேரமும் மின் வருகிற வயரில் கொடுத்தால் எக்ஸ்பாண்டர் இரவு பகலாக இயங்கிக்கொண்டிருக்கும். ஹைபிரிட் காரின் 12 வோல்ட் பற்றரி சிறியது. கார் இரண்டு மூன்று கிழமை நின்றால் அதன் விளைவு தெரியும்.

எக்ஸ்பாண்டருக்கு மின் போகாவிட்டால் அலை கடந்து போகாது. றேடியோ முழுக்க ஊமையாகும். பூட்டிய பிறகு ஒன்றுமே கேட்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது சிவப்பு வயர்தான், அன்ரெனா அல்ல.

மலிவுப் பெட்டிகளில் இரண்டு குறை வரும். ஒன்று, கிரிஸ்டல் சரியாக 16.0இல் நிற்காமல் சற்று விலகியிருப்பது. செற் 0.1 படியாகத்தான் நகரும். நிலையம் இரண்டு படிக்கு நடுவே விழுந்தால் ச, ஷ ஒலிகள் கரகரக்கும், தானாகத் தேடும்போது நிற்காமல் தாண்டிப் போகும். பெட்டியை மாற்றுவதைத் தவிர வழியில்லை. மற்றது, கசிவு. பக்கத்தில் 88–90க்குள் பலமான ஒலிபரப்பி இருந்தால் அது கழிபடாமலும் நேரடியாக உள்ளே புகும். 16 எக்ஸ்பாண்டரில் 88.6 என்ற இடத்தில் 104.6 வர வேண்டும். ஆனால் உண்மையான 88.6உம் அதே இடத்தில் ஏறி நின்று இரண்டும் சேர்ந்து பேசும். உலோகப் பெட்டிக்குள் அடைத்த எக்ஸ்பாண்டரில் இது குறைவு. வாங்கும்போது கையில் எடுத்துப் பாருங்கள், பிளாஸ்ரிக் என்றால் இன்னொன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

கண்ணாடியில் பதித்த அன்ரெனா உள்ள கார்களில் தூணுக்குள் ஒரு சிறு பெருக்கி இருக்கும். சில கார்களில் அதற்கான மின் அன்ரெனா வயர் வழியாகவே போகும். நடுவில் எக்ஸ்பாண்டர் வந்தால் அந்த மின் தடைப்பட்டு, பட்டணத்தில் வருகிற நிலையம் ஊர் எல்லையில் மறையும். கூரையில் கம்பி நிற்கிற கார்களில் இந்தத் தலையிடி குறைவு.

நிலையங்களைச் சேமிப்பது

எக்ஸ்பாண்டரோடு ஓடும்போது திரையில் உள்ள எண் உண்மையான எண் அல்ல. ஒவ்வொரு முறையும் மனக்கணக்கு போட யாராலும் முடியாது. ஒரே நாளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சேமித்துவிடுங்கள். ஓடியோ என்று ஆங்கிலத்தில் எழுதிய பட்டனை அழுத்தி எஃப்எம்மைத் தெரிந்து, நிலையத்தைப் பிடித்து, 1 முதல் 6 வரையான கட்டங்களில் ஒன்றை விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் "பீப்" என்று சத்தம் வரும். அவ்வளவுதான். சத்தம் வருமுன் விரலை எடுத்தால் சேமிக்காமல் பழைய நிலையத்துக்குத் தாவிவிடும்.

இலங்கையில் ஒரே நிலையம் மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு வேறு எண்ணில் வரும், நடுவில் மலை நாடு இருப்பதால் வேறு வழியில்லை. ஐரோப்பியக் கார் செற்கள் நிலையத்தின் அடையாளக் குறியைப் படித்து எண்ணைத் தாமே மாற்றிக்கொள்ளும். ஜப்பானில் அந்த முறை பாவனையில் இல்லாததால் இந்தச் செற்களில் அது கிடையாது. ஏ9 வீதியால் யாழ்ப்பாணத்தில் இருந்து கண்டிக்கு இறங்குகிறவர் இடையில் எண் மாற்றத்தான் வேண்டும். செற்றில் எஃப்எம்1, எஃப்எம்2 என்று இரண்டு அடுக்கு இருந்தால் முதலாவதை வடக்குக்கும் இரண்டாவதைக் கொழும்புக்கும் ஒதுக்குங்கள். நிலைய வரிசை இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும்: இரண்டாம் கட்டம் எங்கே போனாலும் அதே நிலையம். கண்ணை வீதியில் இருந்து எடுக்காமல் மாற்றலாம்.

தானாகத் தேடிச் சேமிக்கும் வசதியும் உண்டு. எக்ஸ்பாண்டரோடு அதைப் பாவிக்க வேண்டாம். கசிந்து வருகிற போலி நிலையங்களையும் சேர்த்து நிரப்பி, கையால் சேமித்ததைக் குழப்பிவிடும்.

ஸ்ரியறிங்கில் மேல், கீழ் அம்புக்குறியைத் தட்டினால் சேமித்த அடுத்த நிலையம். அழுத்திப் பிடித்தால் அலைவரிசையில் தேடல். இந்த வித்தியாசம் தெரியாமல் அழுத்திப் பிடித்துவிட்டு "நிலையம் தொலைந்துவிட்டது" என்று தேடுகிறவர்கள் பலர். மோட் பட்டனைத் தட்டினால் எஃப்எம், மத்திய அலை, சீடி, புளூரூத் என்று சுற்றும். அதையே அழுத்திப் பிடித்தால் ஒலி அடங்கும். பொலிஸ் கைகாட்டினால் இதுதான் வேகமான வழி.

மத்திய அலை ஒரு போனஸ்

ஜப்பான் மத்திய அலையும் நம்முடையதும் ஒரே 9 கிலோஹேர்ட்ஸ் படி. எக்ஸ்பாண்டரும் தேவையில்லை, கணக்கும் தேவையில்லை. வடக்கில் திருச்சி வானொலியின் 936 பழகிய எண். அதை அப்படியே 936 என்று பிடிக்கலாம். ஆனால் அக்குவா போன்ற ஹைபிரிட்டில் இன்வேர்ட்டர் வேலை செய்யும்போது மத்திய அலையில் ஒரு கீச்சொலி ஏறி இறங்கும். அது செற்றின் பிழை அல்ல. டாஷ் கமராவும் சிகரெற் லைற்றர் துளையில் செருகிய மலிவு சார்ஜரும் அதை இன்னும் கூட்டும். எஃப்எம்மில் கூட இரைச்சல் வந்தால் முதலில் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.

முகப்பில் ஜப்பான் எழுத்தில் மட்டும் உள்ள ஒரு பட்டனைத் தொட்டதும் றேடியோ 1620க்கோ 1629க்கோ ஓடிப்போய் இரைந்தால் பயப்பட வேண்டாம். ஜப்பானின் நெடுஞ்சாலைப் போக்குவரத்து அறிவிப்பு வருகிற இடம் அது. இங்கே அதற்கு வேலையில்லை. திரும்ப ஓடியோ, எஃப்எம்.

காரை ஸ்ரார்ட் பண்ணியதும் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்கிறதே, அது பெரும்பாலும் றேடியோ அல்ல. நெடுஞ்சாலைக் கட்டணம் அறவிடும் ஈடிசி கருவி, கார்ட் செருகவில்லை என்று சொல்கிறது. ஸ்ரியறிங்குக்குக் கீழே, அல்லது டாஷ்போர்ட் பெட்டிக்குள் சின்னக் கறுப்புப் பெட்டியாக இருக்கும். பின்னால் உள்ள பிளக்கைக் கழற்றினால் அமைதி. காருக்கு ஒன்றும் ஆகாது.

மணிக்கூடு நவியில் செய்மதியில் இருந்து எடுத்து ஜப்பான் நேரத்தைக் காட்டும். அதைத் திருத்த மெனுவில் தேடி மினக்கெடாதீர்கள். காரில் தனி மணிக்கூடு இருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு இதை மறந்துவிடுங்கள்.

புளூரூத்

இந்தச் செற்களின் பெரிய பலம் இது. மெனு ஜப்பானிய மொழியில் இருந்தாலும் புளூரூத் என்ற சொல் ஆங்கில எழுத்திலேயே இருக்கும். தெரியாத திரைக்கு முன் கைபேசியில் கூகுள் மொழிபெயர்ப்பின் கமராவைப் பிடித்தால் வேலை ஓடும். பதிவு செய்யும் திரைக்குப் போனதும் கைபேசியில் செற்றைத் தேடுங்கள். இரண்டிலும் ஒரே ஆறு இலக்கம் தெரிந்தால் இரண்டிலும் சம்மதம் கொடுங்கள். இலக்கம் கேட்டால் பெரும்பாலும் 0000.

இணையவில்லை என்றால் காரணம் அநேகமாக ஜப்பானில் இருந்த சொந்தக்காரரின் கைபேசிகள். பதிவுப் பட்டியல் நிரம்பியிருந்தால் புதியதை ஏற்காது. பழைய பெயர்களை அழித்துவிட்டு மீண்டும் முயலுங்கள். அழிப்பது வேறொரு காரணத்துக்கும் நல்லது: யாரோ ஒருவருடைய தொலைபேசிப் புத்தகம் இன்னும் அதற்குள் கிடக்கலாம்.

பாட்டின் பெயர் தமிழில் இருந்தால் திரையில் கட்டங்களோ வெறுமையோதான் தெரியும். தமிழ் எழுத்துரு அதில் இல்லை. நேரலைச் செயலி ஒன்றில் வானொலியைப் போட்டு புளூரூத்தால் கேட்பவருக்கு எக்ஸ்பாண்டரே தேவையில்லை என்பதும் உண்மை. டேற்றா செலவும், சிக்னல் இல்லாத காட்டுப் பகுதிகளும் உங்கள் கணக்கு.

ஒலியைச் சரிசெய்ய தடிப்பு (பாஸ்), நடு, மெல்லொலி (ட்ரெபிள்) மூன்றும் -5 முதல் +5 வரை. தடிப்பை +5க்குத் தள்ளிவிட்டு ஸ்பீக்கர் கரகரக்கிறது என்பது அநியாயம். தடிப்பு +2, மற்றவை 0 என்று தொடங்குங்கள். குறைந்த தரக் கார்களில் முன்கதவில் மட்டும் ஸ்பீக்கர் இருக்கும். முன்–பின் சமநிலையைப் பின்னுக்குத் தள்ளினால் சத்தமே வராது. பின்கதவில் துளைமூடி இருக்கிறது என்பதற்காக உள்ளே ஸ்பீக்கர் இருக்கும் என்று நினைக்கக் கூடாது.

இரகசிய எண் பூட்டும், வரைபட எஸ்டி கார்ட்டும்

இந்தச் செற்றின் உண்மையான குறை இங்கேதான். இரண்டு பொறி இருக்கிறது.

முதலாவது, பற்றரி. 12 வோல்ட் பற்றரியைக் கழற்றினாலோ அது முழுக்க இறங்கினாலோ செற் திரும்ப எழும்பும்போது இரகசிய எண் கேட்டுப் பூட்டிக்கொள்ளலாம். திரையில் ஈஆர்சி என்ற எழுத்தோடு ஒரு நீண்ட குறியீடு நிற்கும். அந்தக் குறியீட்டுக்குரிய விடை தெரிந்தால்தான் திறக்கும். ஊகித்துப் போட்டுப் பார்ப்பதில் பயன் இல்லை. அக்குவாவில் அந்தப் பற்றரி பொனற்றுக்குள் இல்லை, பின் ஆசனத்துக்குக் கீழே வலப்பக்கம். பற்றரி மாற்றுமுன் வேறொரு 12 வோல்ட் மூலத்தைத் தற்காலிகமாகக் கொடுத்து, மின் ஒரு கணமும் அறாமல் மாற்றச் சொல்லுங்கள். கராஜில் "இதற்கெல்லாம் தேவையில்லை" என்பார்கள். தேவை. திரை பூட்டியிருந்தால் படம் எடுத்து வையுங்கள். திறந்து தருபவர் முதலில் கேட்பது அந்தக் குறியீட்டைத்தான்.

இரண்டாவது, வரைபட எஸ்டி கார்ட். திரையைத் திறந்தால் உள்ளே இருக்கும். ஜப்பான் வரைபடம் நமக்கு எதற்கு என்று கழற்றிக் கமராவுக்குப் போட்டவர்கள் உண்டு. அந்தக் கார்ட் இல்லாமல் செற் வேலை செய்யாது. கார்ட்டைப் போடு என்ற ஒற்றை வசனத்தோடு நின்றுவிடும், றேடியோ உட்பட. உள்ளிருப்பதைச் சாதாரணமாக வேறு கார்ட்டுக்குப் பிரதி எடுத்தாலும் ஏற்காது, கார்ட்டின் சொந்த அடையாள எண்ணையும் அது பார்க்கிறது. பாட்டுப் போடுவதற்காகக் கணினியில் செருகி ஃபோர்மற் பண்ணினால் கதை முடிந்தது. ஆகவே அந்தக் கார்ட் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். பாட்டுக்கு யூஎஸ்பி அல்லது புளூரூத்.

கார் வாங்கப் போகிறவர் செற்றைப் போடச் சொல்லுங்கள். கார்ட் கேட்டாலோ பூட்டுத் திரை வந்தாலோ செற் இல்லாத கார் என்று நினைத்து விலை பேசுங்கள்.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

பூட்டித் திறக்க முடியாதது, கார்ட் தொலைந்தது, தொடுதிரை செத்தது: இந்த மூன்றிலும் மாற்றுவதே நியாயம். புதிய தலைமுறைத் திரைகள் என்றால் கழற்றுமுன் அமைப்பு மெனுவில் மொழித் தெரிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கிலம் இருக்கும் செற்றைத் தெரியாமல் கழற்றியவர்களும் இருக்கிறார்கள்.

ரொயோட்டாவின் செற் துளை 200 மில்லிமீற்றர் அகலம். இரட்டை டின் என்ற பொது அளவில் வரும் செற் 180. இரண்டு பக்கமும் 10 மில்லிமீற்றர் இடைவெளி விழும். அதற்குப் பக்கத் தகடு இருக்கிறது. கடைக்காரர் சிலிக்கன் அடித்து மூட விடாதீர்கள். அடுத்தது ஸ்பீக்கர் வயர்: முன் இடது இளஞ்சிவப்பும் ஊதாவும், முன் வலது இளம்பச்சையும் நீலமும், பின் இடது கறுப்பும் மஞ்சளும், பின் வலது சிவப்பும் வெள்ளையும். ஒவ்வொரு சோடியிலும் முதலில் சொன்னது நேர். ஒரு பக்கம் மட்டும் தலைகீழாக மாறினால் சத்தம் வரும், தடிப்பு மட்டும் காணாமல் போகும். காரணம் தெரியாமல் புது ஸ்பீக்கர் வாங்குகிற செலவு இப்படித்தான் வருகிறது. வயர் வெட்டாமல் ரொயோட்டா பிளக்கோடு வருகிற இணைப்பு வயர் கேட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பின்பக்கக் கமரா பழைய செற்றோடு வந்ததாக இருந்தால் கவனம். ரொயோட்டாக் கமராக்கள் பல 6 வோல்ட்டில் ஓடுபவை. புதிய செற்றின் 12 வோல்ட்டை நேரே கொடுத்தால் முதல் ரிவர்ஸிலேயே எரியலாம். நடுவில் வோல்ட் குறைக்கும் இணைப்புத் தேவை.

அண்ட்ராய்ட் செற் பூட்டிய பின்னும் "றேடியோ சில நிலையங்களைத்தான் பிடிக்கிறது" என்று வந்தால் றேடியோ அமைப்பில் பிராந்தியத்தைப் பாருங்கள். அமெரிக்கா என்று இருந்தால் 0.2 படியாக நகரும்: 103.3, 103.5 என்று ஒற்றை இலக்கத்தில் மட்டும் நிற்கும், 103.4ஐ மிதித்துத் தாண்டிவிடும். ஐரோப்பா அல்லது ஆசியா என்று மாற்றுங்கள். அதற்குப் பிறகும் பட்டணம் தாண்டினால் இரைந்தால் அன்ரெனா பெருக்கிக்கு மின் போகவில்லை. செற்றில் இருந்து வரும் நீல வயரை, பெரும்பாலும் வெள்ளைக் கோடு போட்டது, பூட்டாமல் விட்டிருப்பார்கள். ஜப்பான் செற்றுக்குப் பூட்டிய எக்ஸ்பாண்டரைக் கழற்ற மறந்திருந்தால் அது இன்னொரு கூத்து: 108 வரை போகும் புதிய செற்றிலும் எல்லா நிலையமும் 16 குறைவாகவே வரும், 92க்கு மேலே இரைச்சல் மட்டுமே.